விமானம் யார் கையில்? ஏஸ் காம்பாட்டும் அதை ஆடியவர்களும்

2011 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கன்சோல்களுக்கு வந்த போர் விமான வீடியோ ஆட்டமான 'ஏஸ் காம்பாட்: அஸால்ட் ஹொரைசன்', 2019 ஜனவரியில் வந்த 'ஏஸ் காம்பாட் 7: ஸ்கைஸ் அன்னோன்' இரண்டையும் ஒரே நிறுவனம்தான் வெளியிட்டது. விமர்சகர்கள் இரண்டுக்கும் கொடுத்த சராசரி மதிப்பெண் நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நின்றது. அந்த எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒரே தரத்து ஆட்டங்கள், ஒன்றை ஆடியவர் மற்றதையும் அதே மகிழ்ச்சியோடு ஆடியிருப்பார் என்றுதான் முடிவுகட்டுவார். ஆனால் இந்தத் தொடரைப் பல ஆண்டுகளாக ஆடி வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலாவதன் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். இரண்டாவதைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். மதிப்பெண்ணில் தெரியாத அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இந்த ஆட்டங்களைவிடவும் சுவையான விஷயமாகப் படுகிறது.

தொடரை அறியாதவர்களுக்குச் சில வரிகள். நாம்கோ நிறுவனம் 1993இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் அரங்குகளுக்காக உருவாக்கிய 'ஏர் காம்பாட்' 1995இல் முதல் பிளேஸ்டேஷன் வழியாக வீட்டுக்குள் வந்தது. அன்றிலிருந்து இது போர் விமானத்தை அப்படியே பாவனை செய்யும் சிமுலேட்டராகத் தன்னைக் காட்டிக்கொண்டதே இல்லை. உண்மையான எஃப்-22 விமானம் தன் வயிற்றறைகளில் எட்டு ஏவுகணைகளைச் சுமக்கும். இந்த ஆட்டத்தில் ஒரு விமானம் அறுபது எழுபது ஏவுகணைகளோடு புறப்படும், அவை தீர்ந்த பிறகும் வரைபடத்தின் எல்லையைத் தொட்டுத் தளத்துக்குத் திரும்பினால் மீண்டும் நிரப்பிக்கொண்டு வரலாம். இயந்திரத்தை முடுக்க ஐம்பது பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டியதில்லை. எரிபொருள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை சலுகைக்கும் ஈடாக ஆட்டக்காரரிடம் அது கேட்பது ஒன்றே ஒன்று: எதிரியின் வாலைப் பிடிப்பதற்கு விமானத்தை நீங்களே திருப்ப வேண்டும். எப்போது வேகத்தைக் குறைத்து உள்வட்டத்தில் நுழைவது, எப்போது பின்தொடர்வதைக் கைவிட்டு மேலே ஏறுவது, துரத்தி வரும் ஏவுகணையின் குறுக்கே எந்தக் கணத்தில் உருண்டு விலகுவது என்பதெல்லாம் உங்கள் தீர்மானம். பொய்கள் நிறைந்த ஆட்டத்தில் இந்த ஒன்று மட்டும் மெய்யாக இருந்தது என்பதால்தான் மற்ற பொய்களை யாரும் பொருட்படுத்தவில்லை.

அஸால்ட் ஹொரைசன் கைவைத்தது அந்த ஒன்றில்தான்.

எதிரி விமானத்தை நெருங்கியதும் அதைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் தோன்றும். அப்போது கன்ட்ரோலரின் தோள்பட்டைப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் காட்சிக் கோணம் சட்டென்று உங்கள் விமானத்தின் முதுகை ஒட்டி இறங்கும். அந்த நொடியிலிருந்து விமானத்தை ஓட்டுபவர் நீங்கள் அல்லர்; எதிரி போகும் தடத்தில் உங்கள் விமானம் தானாகவே ஓடும். கட்டடங்களுக்கு நடுவிலும், சரிந்து விழும் இடிபாடுகளுக்குக் கீழும், முன்பே வரைந்து வைத்த பாதையில் அது உங்களை இழுத்துச் செல்லும். உங்கள் வேலை திரையில் நகரும் குறிவட்டத்தை எதிரியின் மேல் வைத்திருப்பது மட்டும். குறி நிலைத்தால் துப்பாக்கி சுடும், ஏவுகணை பாயும், எதிரி விமானம் இறக்கை வேறு உடல் வேறாகக் கிழிந்து, அதன் எண்ணெய் உங்கள் திரையின் மேலேயே தெறிக்கும். முதல் சில தடவை பார்க்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. வான்போர் விளையாட்டுகளில் தொலைவில் ஒரு புள்ளி வெடித்து மறைவதைத்தான் அதுவரை பெரும்பாலும் பார்த்திருந்தோம். இங்கே அந்தப் புள்ளி உலோகமாகவும் தீயாகவும் முகத்துக்கு நேரே வந்தது.

இதை ஒரு விருப்பத் தேர்வாக விட்டிருந்தால் பழைய ஆட்டக்காரர்கள் ஓரிரு முறை ரசித்துவிட்டுத் தங்கள் வழியே போயிருப்பார்கள். ஆனால் ஆட்டம் அதற்கு இடம் தரவில்லை. மிஷனில் முக்கியமான எதிரித் தலைவர்கள் தனி அடையாளத்தோடு வருவார்கள். நீங்கள் எவ்வளவு அழகாக வளைந்து பின்னால் வந்து ஏவுகணையை விட்டாலும் அது அவர்கள் மேல் படாது. அந்த இரண்டு பொத்தான்களை அழுத்தித் தண்டவாளத்தில் ஏறினால்தான் அவர்களுக்குச் சாவு உண்டு. திறமையாக ஓட்டியவரும் ஓட்டத் தெரியாதவரும் ஒரே பெட்டியில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். உங்களை யாராவது பின்தொடரும்போதும் இதே கதைதான்: வேகத்தைக் குறைத்து, இரண்டு அம்புக்குறிகள் சேரும் தருணத்தில் அதே பொத்தான்களை அழுத்தினால் விமானம் தானாகவே கரணமடித்து எதிரியின் முதுகுக்குப் பின் போய் நிற்கும். பார்க்க அற்புதம். ஆனால் அந்தக் கரணத்தை அடித்தது நீங்கள் அல்ல என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது.

விமர்சகர்கள் இதை ஏன் அவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. குறுகிய காலத்தில் ஓர் ஆட்டத்தை முடித்து எழுத வேண்டியவருக்கு அந்த மலைப்பு வடிந்து போவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதே மிஷனை மறுபடி மறுபடி எடுத்து, கடினத்தை ஏற்றி, வேறு விமானத்தில் போய்ப் பார்ப்பவர்தான், ஒவ்வொரு தடவையும் அதே கட்டடத்துக்கு நடுவே அதே இடிபாடு அதே நொடியில் விழுவதைக் காண்கிறார். மீண்டும் மீண்டும் ஆடுவதற்காகவே இந்தத் தொடரை வாங்கியவர்கள் முதலில் சலித்துப்போனது இயல்புதான். இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆட்டத்தின் வழியாகத்தான் தொடருக்குள்ளேயே வந்த புதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இதை இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள். வட்டத்தில் சுற்றிச் சுற்றி எதிரியைத் தேடும் சலிப்பு பழைய ஆட்டங்களில் இருந்தது என்பதும், அதைப் போக்கத்தான் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள் என்பதும் உண்மை. கண்டறிந்த நோய் சரி. கொடுத்த மருந்துதான் நோயாளிக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது மனத்தாங்கல் கதைக்களத்தைப் பற்றியது. தொடரின் பெரும்பாலான ஆட்டங்கள் நடப்பது ஒரு கற்பனை உலகத்தில். ரசிகர்கள் அதை 'ஸ்ட்ரேஞ்ச்ரியல்' என்கிறார்கள். அங்கே ஓசியா, எருசியா, பெல்கா என்று நாடுகள் உண்டு; வானத்திலிருந்து விழுந்த யுலிசிஸ் என்ற விண்கல்லும், அதைச் சுட்டு வீழ்த்தக் கட்டிய பிரம்மாண்டப் பீரங்கிகளும், அந்தப் பீரங்கிகளையே கைப்பற்றி அண்டை நாட்டின் மேல் திருப்பிய போரும் உண்டு. அத்தனை கற்பனைக்கும் நடுவில் பறப்பவை மட்டும் நம் உலகத்து மிக்-21, ரஃபேல், எஃப்-15. இந்தக் கலவையின் பலன் 2001இல் வந்த நான்காம் ஆட்டத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டக்காரர் பேசாத ஒரு விமானி. கதையைச் சொல்பவனோ ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் வளரும் ஒரு சிறுவன். தன் குடும்பத்தின் சாவுக்குக் காரணமான எதிரி விமானியையே அவன் நெருங்கி அறிந்து, வெறுக்கவும் முடியாமல் நேசிக்கவும் முடியாமல் தவிக்கிறான். அந்த எதிரியை வானத்தில் வீழ்த்துவது நீங்கள். மெய்யான ஒரு நாட்டின் பெயர் அங்கே இருந்திருந்தால், யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பை ஆடுபவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பார். பெயர்கள் புனைவு என்பதால் துக்கம் மட்டும் மிஞ்சியது.

அஸால்ட் ஹொரைசன் அந்த உலகத்தை ஓரமாக வைத்துவிட்டு மயாமி, துபாய், மாஸ்கோ, வாஷிங்டன் என்று கிளம்பியது. போர்ப் பரபரப்பு நாவல்கள் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜிம் டிஃபெலிஸ் கதையில் பங்கேற்றார். கதாநாயகனுக்குப் பெயரும் முகமும் கெட்ட கனவுகளும் வந்தன. நடுநடுவே ஹெலிகாப்டரின் வாசலில் உட்கார்ந்து சுடுவது, மேலே வட்டமடிக்கும் பீரங்கி விமானத்திலிருந்து தரையைத் துளைப்பது என்று அந்தக் காலத்துத் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் வெற்றி பெற்ற சரக்கெல்லாம் உள்ளே வந்தது. அதைவிட நன்றாக அதைச் செய்யும் ஆட்டங்கள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன என்பதுதான் பிரச்சினை.

அடுத்து 2014இல் இலவசமாக இணையத்தில் வந்த 'இன்ஃபினிட்டி' பழைய பறத்தலைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் எரிபொருள் என்று ஒன்றைக் கேட்டது, அது மெல்ல நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும் அல்லது காசு கொடுக்க வேண்டும். 2018 மார்ச் இறுதியில் சர்வர்கள் மூடப்பட்டதோடு காசு போட்டு ஆடியவர் யாரிடமும் அது இல்லாமல் போனது. கூட்டாகப் பறந்த இரவுகளுக்காக அதை நினைத்து ஏங்குபவர்கள் இன்றும் உண்டு.

ஏழாவது ஆட்டம் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, முதலில் 2017 என்றும், பிறகு 2018 என்றும் தள்ளிப்போய், 2019 ஜனவரியில் கன்சோல்களுக்கும் பிப்ரவரி 1 அன்று கணினிக்கும் வந்தது. நான்காம், ஐந்தாம் ஆட்டங்களுக்குக் கதை எழுதிய அனிமேஷன் இயக்குநர் சுனாவ் கதாபுச்சி திரும்பினார். இசையில் கெய்கி கோபயாஷி இருந்தார். கற்பனை உலகம் திரும்பியது. பச்சை வட்டம் ஒழிந்தது. முன்பு வெறுப்புக்கு ஆளான எல்லாவற்றையும் வரிசையாகத் திருத்திக்கொண்டு வந்ததால் பழைய ரசிகர்கள் மகிழ்ந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். பழையதைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் போதுமானதாக இருந்தால் இன்ஃபினிட்டியே போதும். ஏழாவது ஆட்டம் விமானத்தைக் கையில் கொடுத்ததோடு, அந்தக் கைக்குப் புதிதாக ஒரு வேலையும் கொடுத்தது. அந்த வேலை மேகம்.

அதற்கு முந்தைய ஆட்டங்களில் மேகம் பெரும்பாலும் பின்னணித் திரைச்சீலை. இங்கே அது இடம். உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூண்டின் மேல் நீர்த்துளிகள் ஓடும்; அதிக நேரம் தங்கினால் உறைபனி படர்ந்து விமானம் கனக்கும், திருப்பம் மந்தமாகும். பதிலுக்கு, உங்களைக் குறிவைத்த ஏவுகணைக்கும் உள்ளே பார்வை மங்கும். ஆகவே மேகம் ஒரே நேரத்தில் மறைவிடமும் பொறியும் ஆகிறது. ஏழாவது மிஷனில், தூண்களைப் போல் பாறைகள் எழுந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கின் மேல் இடிமேகங்களுக்கு நடுவே சண்டை போட வேண்டும். எதிரியின் வாலைப் பிடித்தபடி மேகத்துக்குள் நுழைந்து, ஏவுகணை எதிரியைக் குறிபிடித்துவிட்டது என்று சொல்லும் ஓசைக்காகக் காத்திருக்கும்போது மின்னல் தாக்கும். திரையிலுள்ள உயரமானி, வேகமானி, குறிவட்டம் அனைத்தும் ஒரு கணம் சிதறி அணையும், விமானம் உதறும், எந்தப் பக்கம் தரை என்று தெரியாது. பாறைத் தூண் அடுத்த நொடியில் முன்னால் நிற்கலாம். அப்போது கை செய்வதுதான் விடை: கருவிகள் வரும்வரை மூக்கை மேலே தூக்கிப் பிடிப்பவர் பிழைப்பார், எதிரியை விட மனமின்றி அதே திசையில் தொடர்பவர் பாறையில் முடிவார். அஸால்ட் ஹொரைசனில் இடிபாட்டுக்குக் கீழே புகுந்து வெளிவந்ததைவிட இது திரையில் அடக்கமான காட்சிதான். ஆனால் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள் இந்த மாதிரி நொடிகளைப் பற்றித்தான் இருந்தன, ஏனென்றால் அவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக நடந்தன.

குறைகள் இல்லாமல் இல்லை, அவற்றை ஆட்டக்காரர்கள் மென்று விழுங்கவும் இல்லை. குறித்த நேரத்துக்குள் குறித்த புள்ளிகளைச் சேர்க்க வேண்டிய மிஷன்கள் அதிகம் என்பது பரவலான புகார். மணற்புயலுக்குள் எண்ணெய்த் தொட்டிகளைத் தேடி அலையவிடும் மிஷனைப் பாராட்டியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சேமிப்புப் புள்ளிகள் வெகு தொலைவில் இருந்ததால், கால் மணி நேரம் உழைத்து வந்து கடைசியில் தரையில் மோதினால் மீண்டும் நெடுந்தூரம் பின்னால் போக வேண்டியிருந்தது. பிற்பாதியில் செயற்கைக்கோள்கள் செயலிழந்து, யார் நண்பன் யார் பகை என்று திரை சொல்லாமல் நிற்கும் ஒரு மிஷன் வருகிறது. ஒவ்வொரு விமானத்தையும் நெருங்கிச் சென்று அடையாளம் காண வேண்டும். கதைக்கு மிகப் பொருத்தமான யோசனை. ஆடுவதற்கோ பொறுமையைச் சோதிப்பது. எரிச்சல்பட்டவர்களோடு நானும் சேர்கிறேன், ஆனால் அந்த எரிச்சலைத் தெரிந்தே ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கதையைப் பற்றிய வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. சரக்குப் பெட்டகங்களுக்குள் ஒளித்துவைத்த ட்ரோன்கள் துறைமுகங்களிலிருந்து எழும்பித் தாக்குவதில் போர் தொடங்குகிறது. வயதான ஒரு விமானியின் பறக்கும் முறையைத் தரவாக்கி இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆய்வு அதன் மையம். இதை ஒரு பெண் மெக்கானிக், ஒரு விஞ்ஞானி, ஓர் இளவரசி என்று பலர் துண்டு துண்டாகச் சொல்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது தலையும் வாலும் புரியாத கதையாக இருந்தது. இதில் வானொலி உரையாடல் வேறு. சண்டையின் உச்சத்தில், ஏவுகணை எச்சரிக்கை அலறும்போது, திரையின் அடியில் கதையின் முக்கியத் திருப்பம் வசன வரிகளாக ஓடும். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் அந்தக் குரல்கள் அமையாதவர்கள் வரியைப் படிப்பதா உயிரைக் காப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் உயிரைத்தான் தேர்ந்தெடுத்தோம், இரண்டாம் முறை ஆடும்போதுதான் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பது விளங்கியது.

இருந்தும் அதே வானொலிதான் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வெற்றி. கதையின் முற்பாதியில் உங்கள் பாத்திரமான ட்ரிகர், செய்யாத கொலைக்காகக் குற்றவாளிகள் படைக்கு அனுப்பப்படுகிறான். அவன் விமானத்தின் வாலில் பழியின் அடையாளமாகக் கோடுகள் கீறப்படுகின்றன. ஆரம்பத்தில் சக கைதிகள் அவனை ஏளனம் செய்கிறார்கள், அவன் எப்போது விழுவான் என்று பந்தயம் கட்டாத குறைதான். பிறகு மிஷனுக்கு மிஷன் அந்தக் குரல்களின் தொனி மாறுகிறது. ஒரு கட்டத்தில், ட்ரிகரை ஒட்டியே பறந்தால் உயிரோடு திரும்பலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ட்ரிகர் பதில் பேசுவதே இல்லை. அவன் சம்பாதித்த பெயர் முழுவதும் நீங்கள் ஓட்டிய விதத்தால் கிடைத்தது என்ற உணர்வை அந்த மௌனம் தருகிறது. அஸால்ட் ஹொரைசனின் கதாநாயகனுக்குப் பெயர், முகம், கனவு எல்லாம் இருந்தன, ஆனால் அவனுடைய முக்கியமான சண்டைகளை ஆட்டமே ஓட்டிக்கொண்டது. ட்ரிகருக்கு எதுவும் இல்லை, அவனுடைய விமானத்தை நீங்கள் ஓட்டினீர்கள். வரவேற்பில் தெரிந்த வேறுபாட்டுக்கு என்னுடைய விளக்கம் இதுதான்.

கணினியில் வாங்கியவர்களின் கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. வெளியான சமயத்தில் விமானம் ஓட்டுவதற்கென்றே விற்கும் ஜாய்ஸ்டிக் கைப்பிடிகளில் மிகச் சிலவற்றையே ஆட்டம் ஏற்றது. பணம் போட்டு நல்ல கைப்பிடி வாங்கி வைத்திருந்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கன்ட்ரோலரைத் தூக்க வேண்டியிருந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் (விஆர்) கண்ணாடிக்கான மூன்று மிஷன்கள் பிளேஸ்டேஷனுக்கு மட்டுமே வந்தன. அவற்றை ஆடியவர்கள், கழுத்தைத் திருப்பி எதிரியைத் தேடிய அனுபவத்துக்கு ஈடில்லை என்று புகழ்ந்தார்கள். அதே மூச்சில், மூன்றோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் வேறொருவரிடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'செக்டர் டி2' என்ற மிகச் சிறிய குழு, 2018இல் கூட்டுநிதி திரட்டி, 2020 டிசம்பரில் 'ப்ராஜெக்ட் விங்மேன்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அது ஏஸ் காம்பாட்டின் வழித்தோன்றல் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. முழுக் கதையையும் மெய்நிகர் கண்ணாடியில் ஆடலாம், கைப்பிடிகளும் வேலை செய்தன. பெரிய நிறுவனத்திடம் கேட்டுச் சலித்தவர்கள் தங்கள் புகார்ப் பட்டியலையே ஓர் ஆட்டமாக்கி எழுதியதுபோல் அது இருந்தது.

ஏழாவது ஆட்டத்தின் விற்பனை பிறகும் ஓயவில்லை. 2019இல் கூடுதல் மிஷன்கள், 2022இல் ஒரு திரைப்படத்தை ஒட்டிய விமானங்கள், 2024 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு என்று நீண்டு, உலகம் முழுவதும் 50 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தொடரில் இதற்கு முன் வந்த எதுவும் இவ்வளவு விற்றதில்லை.

ஒரு புகார் மட்டும் இன்றுவரை தீரவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் கூடப் பறப்பவர்களுக்குக் கட்டளையிடலாம்: தாக்கு, என்னைக் காப்பாற்று, கலைந்து போ. சில இடங்களில் அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில்கூடச் சொல்லலாம். ஆறாம் ஆட்டத்தில் பக்கத்திலுள்ள நட்புப் படைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் ஏவிவிடலாம். ஏழாவதில் துணை விமானிகள் ஓயாமல் பேசுகிறார்கள், உங்களை மெச்சுகிறார்கள், எதிரியைத் துரத்துவதாகச் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் வீழ்த்தும் விமானங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வானத்தில் இருபது இலக்குகள் இருந்தால் பத்தொன்பதும் உங்கள் தலையில்தான். விமானத்தைக் கையில் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு, மொத்தப் போரையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.